வாசலுக்குள் ஓர் ஆள்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

ரயிலில் உட்கார இடம் கிடைத்ததால் இடுப்பு ஒடியாமல் ஹாஸ்டல் வந்து சேர்ந்தேன். அம்மா வீங்கின காலோடு தையல் மெஷினை மிதித்துக்கொண்டு, கேட்டால் "எனக்கென்ன கேடு" என்கிறாள். உன் இருமல் விட்டதா? குளிருக்குக் கம்பளி கொடுத்தார்களா?

லீவில் உன்னைப் பார்க்க வந்தபோது, சிறையின் கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அந்தச் சைனாக்கார கிளப்புல நீ அப்படி என்னதான் பண்றே?" என்று கேட்டாய். வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பதில் இதோ.

பெயர் சீனப் பண்பாட்டு மன்றம். இடம், உளவியல் துறையின் மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆகவே எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் மிகவும் அடக்கமானவர்கள். ஆரம்பித்தவள் சீனாவிலிருந்து இங்கே படிக்க வந்த பெண். வந்த வாரமே ஹாஸ்டலில் "சைனா மைனா" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். மைனா என்றால் பேசுகிற பறவை என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த வருஷம் கடைசி வருஷப் படிப்பு கழுத்தை நெரிப்பதால் தலைவி பதவியை என் தலையில் கட்டிவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் தூரிகையால் எழுதப் பழகுகிறோம். மாதம் ஒரு சினிமா. நடுநடுவே பட்டம் செய்வது, காகிதத்தில் பூ வெட்டுவது.

உனக்கும் ஒரு பாடம். கீழே வரைந்திருப்பது மரம். அதையே இரண்டு முறை எழுதினால் தோப்பு. மூன்று முறை எழுதினால் காடு. இதைக் கண்டுபிடித்தவன் உன்னை மாதிரி சோம்பேறியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பதில் போடு.
உன் வாயாடி


ஜனவரி 30

அன்புள்ள வாயாடிக்கு,

இருமல் போய்விட்டது. கம்பளி வந்துவிட்டது. அதில் என்னைத் தவிர இன்னும் பல ஜீவன்கள் வாழ்கின்றன. அம்மாவிடம் காலைத் தொங்கப்போட்டு உட்காரவேண்டாம் என்று சொல். கேட்கமாட்டாள், ஆனாலும் சொல்.

இங்கே காலையில் எண்ணுகிறார்கள், மாலையில் எண்ணுகிறார்கள். கோழிப்பண்ணைக்காரன்கூட இவ்வளவு எண்ணமாட்டான். நடுவில் பைண்டிங் கொட்டகையில் வேலை. கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர் உதவி ஜெயிலர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "என்னய்யா இது, பல்லி ஓடின மாதிரி?" என்றார்.

"மரம் சார்."

"மரம்னா இலை எங்கய்யா?"

"சீனாவுல இப்ப இலை உதிர்ற காலம் சார்."

சிரித்துவிட்டுக் கொடுத்தார். கெட்டவர் இல்லை.

மரம் எனக்கு வந்துவிட்டது. காட்டையும் வளர்த்துவிட்டேன். சிரிக்காதே, இதில் எனக்கு ஒன்று இருக்கிறது. அந்த மூடுபனிக் காலையில் எதிரே வந்த சைக்கிள்காரர் என் கண்ணில் படவே இல்லை. லாரி ஓட்டியவனுக்குக் கண்தானே முக்கியம் என்று கோர்ட்டில் கேட்டார்கள். அந்த மனிதரின் மனைவியின் முகம் எனக்கு மறக்கவில்லை. இப்போது ஒவ்வொரு கோட்டையும் உற்றுப் பார்க்கிறேன். பார்க்கிற பழக்கம் வரட்டும்.

ஒரு சந்தேகம். ஆள் என்பதற்கு ஓர் எழுத்து இருக்குமே, அதை எழுதி நாலு பக்கமும் சுவர் எழுப்பினால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

இன்னொன்று. நன்னடத்தைக்காக ஐந்து மாதம் குறைப்பார்களாம். அப்படியானால் அடுத்த வருஷம் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். செப்டம்பரிலேயே வந்துவிடுவேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

செப்டம்பர் என்று சொன்னதுமே அம்மா அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே உனக்குச் சட்டை தைக்கத் துணி எடுத்துவிட்டாள். நீ இளைத்திருப்பாயா பருத்திருப்பாயா என்று அளவு தெரியாமல் தவிக்கிறாள். நான் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன வாரம் எங்கள் கண்காட்சி. அறை கொள்ளாமல் வராந்தா வரைக்கும் கூட்டம். வந்தவர்களுடைய பெயர்களைச் சீன எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். மாணவர் நலனைப் பார்க்கிற டீன்கூட வந்து, தன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, மைனாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சீனாவில் காலை நேரம் பூங்காக்களில் வயசானவர்கள் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதுவார்களாம். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். அதுதான் அதில் சுகம் என்கிறாள் மைனா. உனக்குக் காகிதம் கிடைக்காவிட்டால் இப்படிச் செய்.

இந்த வாரப் பாடம், வாசல். கீழே இருக்கிறது பார், இரட்டைக் கதவு. அதற்குள் ஓர் ஆளை நிறுத்தினால், கண் இமைப்பதற்குள் நழுவிவிடுவது என்று அர்த்தம். கதவிடுக்கில் ஓர் ஆளைப் பார்க்கிறாய், மறுபடி பார்த்தால் காணோம். நன்றாக இல்லை?

உன் வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். சட்டையைக் கொஞ்சம் தொளதொளவென்றே தைக்கச் சொல். வெளியே வந்து சாப்பிட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

தண்ணீர்ப் பாடம் பிரமாதம். பைண்டிங் கொட்டகையில் சிமென்ட் தரை, பசை தடவுகிற தூரிகை, வாளித் தண்ணீர். வேறென்ன வேண்டும்? மதிய இடைவேளையில் நான் வாசல் எழுதினால் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் பெரிய சிடுமூஞ்சி. அவரே நேற்று, "எனக்கும் அந்தக் காடு ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்றார். உன் மன்றத்தின் கிளை இங்கே திறந்தாயிற்று என்று மைனாவிடம் சொல்.

நாலு சுவருக்குள் ஆளை நிறுத்தினால் என்ன என்று கேட்டேனே, நீ பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, கைதி என்று எனக்கே புரிந்துவிட்டது. இப்படியெல்லாம் ஒளிக்காதே. நான் கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மன்றத்தின் கதவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையில் நாள் போய்விட்டது. மைனா கொஞ்ச நாள் ஊருக்குப் போயிருக்கிறாள். மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

இந்த முறை பாடம், மழை. ஜன்னலுக்கு வெளியே நாலு துளி விழுவது தெரிகிறதா?

உன் தங்கை


மே 6

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலமா? உன் போன கடிதத்தில் வாயைக் காணோம், ஆடியையும் காணோம்.

இங்கே வாசகசாலைக்குப் பழைய பேப்பர்தான் வரும். படிக்கப் படிக்க, நம் அரசாங்கமும் சீன அரசாங்கமும் முறைத்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஊர்வலம், கொடும்பாவி என்று படம் போட்டிருக்கிறான். மன்றத்துக்கு ஒன்றும் தொந்தரவில்லையே? மைனா பரீட்சை நேரத்தில் எதற்கு ஊருக்குப் போனாள்? கதவுக்கு ஏன் பெயின்ட்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடிக்காரர் நேற்று உன் கடிதங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். "மேலிடத்துல கேக்குறாங்கய்யா, இந்த எழுத்து எதுக்குன்னு" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் தங்கச்சிதான் சார் அந்த மன்றத்துக்குத் தலைவி. யுனிவர்சிட்டியில வாரத்துக்கு ரெண்டு நாள் நடக்குது. சந்தேகம் இருந்தா எழுதிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை.

உள்ளதை உள்ளபடி எழுது.

அண்ணன்


மே 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

தொந்தரவு எதுவுமே இல்லை. பேப்பர்காரனுக்கு வேறு வேலை கிடையாது. பழைய பெயின்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான். மைனா அவள் அக்கா கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். மன்றத்தில் புதிதாக எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விசிறி செய்தோம், வெள்ளிக்கிழமை ஒரு பேராசிரியர் வந்து பேசினார், அடுத்த மாதம் இன்னொரு கண்காட்சி வைக்கப்போகிறோம், டீனே வந்து திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ எதற்கும் கவலைப்படாமல் இரு. நன்னடத்தை, நன்னடத்தை என்று ஜபித்துக்கொண்டிரு.

அம்மா சட்டையைத் தைத்து முடித்துவிட்டாள்.

உன் வாயாடி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நலம்தானே? ஜூனில் ஒன்று, ஜூலையில் இரண்டு என்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன மாதம் அம்மா உன்னைப் பார்க்க வந்தாளாமே. "இன்னிக்கு அவரைப் பாக்க முடியாதும்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று கேட்கத் தெரியாமல் திரும்பியிருக்கிறாள்.

என் மேல் கோபமா? ஏதாவது கேள்விப்பட்டாயா? ஒரு வரி போடு, அண்ணா. ஒரே ஒரு வரி.

உன் தங்கை


ஆகஸ்ட் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கோபமில்லை. வேலை அதிகம். இனிமேல் கடிதத்தில் சீன எழுத்து எதையும் வரைய வேண்டாம். அம்மாவை இவ்வளவு தூரம் அலையவிடாதே.

அண்ணன்


செப்டம்பர் 16

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நேற்று விடுதலை நாள் என்று விசாரித்து அம்மாவும் நானும் வந்தோம். அலையவிடாதே என்று நீ எழுதியதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். "அவனுக்கு நான் சிரமப்படக்கூடாதுன்னு இருக்கும். எனக்கு அவனப் பாக்காம இருக்குறதுதான் சிரமம்" என்றாள் அம்மா. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். சிறை வாசலுக்கு எதிரில் சைக்கிள் ரிப்பேர் கடை. அதன் பக்கத்துச் சுவர் நிழலில் நின்றோம். வெயில் ஏற ஏற நிழல் தேய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் ஸ்டூல் போட்டார். அம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாசல் தெரியாதாம்.

சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொருவராக விட்டார்கள். ஒருவருக்கு யாருமே வரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் காவலரிடம் உன் பெயரைச் சொன்னேன்.

"அவரா? அவருக்கு இப்ப இல்லம்மா. குறைப்பு எல்லாம் ரத்தாயிடுச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"ஏன்? என்ன பண்ணினாரு?"

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏதோ சீன எழுத்துல சங்கேதம் எழுதுனாங்களாம். தங்கச்சி கிளப்பு நடத்துதுன்னு பொய் வேற. அங்க எழுதிக் கேட்டா அப்படி ஒண்ணும் இல்லன்னு பதில் வந்துச்சாம்."

அம்மா என் பக்கம் திரும்பி, "நீதானே நடத்துறே? சொல்லேன் அவர்கிட்ட" என்றாள்.

என்ன சொல்வேன்? மார்ச் கடைசியிலேயே மன்றத்தை மூடிவிட்டார்கள், அண்ணா. கதவில் தாரைப் பூசி, அசிங்கமாக எழுதியிருந்தார்கள். துடைத்தும் போகவில்லை. "சைனா மைனா" என்று கூட்டமாகக் கத்திக்கொண்டே ஒரு நாள் அவள் மேல் மை பாட்டிலை வீசினார்கள். கண் தப்பியது. மறுவாரம் விமானம் ஏறிவிட்டாள். அக்கா கல்யாணம் என்றது நான் கட்டின கதை. அவளுக்கு அக்காவே கிடையாது. "நிலைமை சரியாகிற வரைக்கும்" என்று சொல்லி டீன் சாவியை வாங்கிக்கொண்டார். எட்டுப் பேர் சேரவும் இல்லை, யாரும் விசிறி செய்யவும் இல்லை. உனக்கு அங்கே இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதான், அதையும் பிடுங்குவானேன் என்று நினைத்தேன்.

உள்ளே என்ன நடந்தது? எழுது. எதையும் விடாமல் எழுது.

தங்கை


அக்டோபர் 7

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

கேட்டாய், சொல்கிறேன். இதைப் படிக்காமலே ஒட்டி அனுப்புவதாகக் கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் வேறு பிளாக்கில் ஒருவன் சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்துப் பிடிபட்டான். உடனே எல்லா இடத்திலும் சோதனை. என் படுக்கைக்கு அடியில் பைண்டிங் கழிவுக் காகிதம் இருந்தது. பக்கம் பக்கமாக வாசல், வாசலுக்குள் ஆள். கூடவே உன் கடிதத்தில் உன் கையெழுத்தில், "கண் இமைப்பதற்குள் நழுவிவிடுவது." அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

சூப்பிரண்டு முன்னால் நிறுத்தினார்கள். நான் பயப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதியாயிற்று என்றதும் சிரித்துக்கொண்டுகூட நின்றேன். நீ மே மாதம் எழுதியதெல்லாம் என் மனதில் வரிசையாக இருந்தது. விசிறி செய்ததைக்கூடச் சொன்னேன். பதில் வந்த அன்று கண்ணாடிக்காரர்தான் படித்துக் காட்டினார். "இப்பெயரில் எந்த மன்றமும் இங்கே இயங்கவில்லை." படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னாலிருந்த வார்டர், "விசிறியா செஞ்சீங்க?" என்று கேட்டு ஓங்கி அறைந்தார். இடது காதில் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கமாக யாராவது கூப்பிட்டால் தெரியாது. பழகிவிடும். லாரி மட்டும் இனி ஓட்டமுடியாது.

பிறகு தனிக்கொட்டடி. ஆகஸ்ட் நடுவரை. கடிதம் கிடையாது, பார்க்க வருகிறவர்கள் கிடையாது. கூரை ஒழுகித் தரை முழுக்க ஈரம். எழுத நினைத்தால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒரு கோடுகூட இழுக்கவில்லை. கை வரவில்லை.

அங்கே உட்கார்ந்து உன் மேல் கோபப்பட்டேன், மறைக்கமாட்டேன். சீன எழுத்து அனுப்பினாய் என்பதற்காக இல்லை. என்னால் ஒரு கெட்ட செய்தியைத் தாங்கமுடியாது என்று நினைத்தாயே, அதற்காக. டாக்டர், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்கிறார். வக்கீல் சொன்னதும் அதேதான். இங்கே எல்லோரும் என் நல்லதுக்காகத்தான் பொய் சொல்கிறார்கள். ஆகஸ்டில் நானும் அதைத்தான் உனக்குச் செய்தேன். உன் படிப்பு கெடவேண்டாம் என்று இருந்தேன். அதனால்தான் அம்மா அந்த வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. ஆக, இருவரும் சரிக்குச் சரி.

இனி ஒரே ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதினால் கெட்ட செய்தியை முதலில் எழுது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

அண்ணன்


நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

கெட்ட செய்தி முதலில். அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் புதுச் செருப்பு கடித்த கொப்புளம் புண்ணாகி, சர்க்கரையால் ஆறாமல், கறுத்துப் போய்விட்டது. அம்மா எவருக்கும் காட்டாமல் துணியைச் சுற்றிக்கொண்டு மெஷின் மிதித்திருக்கிறாள். "அவன்கிட்ட மூச்சு விடாதே. வந்து பாத்துக்கட்டும்" என்று கையை நீட்டிச் சத்தியம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. இனி மெஷின் மிதிக்கக்கூடாதாம். இன்னொரு விரலும் போகலாம் என்கிறார்கள். நீ பிப்ரவரியில் வரும்போது அம்மா எழுந்து வந்து கதவைத் திறப்பாள் என்று எதிர்பார்க்காதே.

அடுத்தது. சிறைக்குப் பதில் எழுதியது டீன்தானாம். அவரைப் பார்க்க அவர் அறைக்கு வெளியே நாலு நாள் காத்துக்கிடந்தேன்.

"அந்தத் தேதியில மன்றம் இயங்கல. எழுதினது உண்மைதானேம்மா?" என்றார்.

"அதுக்கு முன்னாடி நடந்துச்சே சார். நீங்களே கண்காட்சிக்கு வந்தீங்களே. அதை ஏன் எழுதல?"

"அதை அவங்க கேக்கலையே."

அவருடைய பெயரை நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். எந்தக் காகிதம் என்றார். மொழித்துறைப் பேராசிரியர் ஒருவர் மட்டும், நான் உனக்கு அனுப்பிய ஒவ்வோர் எழுத்துக்கும் அர்த்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரிஜிஸ்டர் தபாலில் சூப்பிரண்டுக்கு அனுப்பினேன். "குறிப்பு கோப்பில் சேர்க்கப்பட்டது. ரத்து செய்த தண்டனைக் குறைப்பை மீண்டும் வழங்க விதியில் இடமில்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே நீ பொய்யன் இல்லை என்பது கோப்புக்குத் தெரியும். அதனால் ஒரு நாள்கூடக் குறையாது.

மைனாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அறையில் மறுபடி உடைந்த நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் படிக்கட்டில் பழைய பேப்பரை விரித்து, மைபாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மன்றத்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன். யாராவது இனிமேல் எழுதிக் கேட்டால் இல்லை என்று சொல்லமுடியாதபடி இருக்கட்டும் என்றுதான். போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு படி ஏறினார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் உட்காரவும் இல்லை. இருட்டுகிற நேரத்தில் வாட்ச்மேன் வந்து, "எந்திரிம்மா, எனக்கு வேலை போயிடும்" என்றார். ஒட்டியதைக் கிழிக்க அவர் தயங்கினார். நானே கிழித்தேன். நாளை வெள்ளிக்கிழமை. மறுபடி போவேன்.

காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். அந்தக் காதுப் பக்கம் நான் நிற்கமாட்டேன்.

நல்ல செய்தி ஒன்றும் இல்லை, அண்ணா. இருந்தால் எழுதியிருப்பேன்.

உன் தங்கை